எட்டாவது சவரப் பெட்டி

ஏழு மாதிரிப் பெட்டிகளைத் தூக்கியெறிந்த தொழிற்சாலை மேலாளர், எட்டாவதைப் பார்த்ததும் கூரையில் தலை இடிக்கக் குதித்தார். அதை வடிவமைத்தவன் வீட்டுக்குப் பறந்தான்.

"வேலை தப்பிச்சுதுடி! நீ சொன்னபடியே சோப்பு டப்பா மூடியைத் திருப்பி வச்சா ரேஸர் ஸ்டாண்டு! உள்ளே வைக்கிற பிளாஸ்டிக் தட்டே வேண்டாம். வருஷத்துக்கு ஒரு மலை அளவு பணம் மிச்சம்!"

"உங்க வாய்க்கும் ஒரு மூடி செஞ்சிருக்கலாம்," என்று மனைவி சிரித்தாள்.

"தட்டு வார்க்கிற பிரிவையே நாளைக்கு மூடறாங்க!"

"சாயங்காலமே சொல்லிட்டாங்க." பையிலிருந்து அந்தப் பிரிவின் நீலத் தொப்பியை எடுத்து மேசையில் வைத்தாள்.

அது அவள் வேலை செய்யும் பிரிவு என்பதே சந்தோஷத்தில் அவனுக்கு மறந்துபோயிருந்தது. "ஐயோ... தெரிஞ்சேவா யோசனை சொன்னே?"

"நம்ம வீட்ல ஒரு வேலையாவது மிஞ்சட்டும்னு சொன்னேன். கூட இருந்த பதினோரு பேரும் என்னைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்வேன்?"