அழுங்குக்கு வந்த நோய்

மனம் துவண்ட மிருகங்களுக்கெல்லாம் அந்தக் காட்டில் ஓர் அழுங்குதான் வைத்தியர். எறும்புத்தின்னி என்பார்களே, அதுதான்; உடம்பெல்லாம் செதில், உள்ளே பஞ்சு மனசு. யார் வந்து அழுதாலும் பொறுமையாகக் கேட்டுத் தேற்றி அனுப்பும்.

ஒரு மழைக்காலத்தில் அதற்கே அந்த நோய் வந்துவிட்டது. காரணம் என்று ஒன்றுமில்லை. ஆனாலும் பந்தாகச் சுருண்டு வளைக்குள்ளேயே கிடந்தது. பிறருக்குச் சொன்ன வழிகளையெல்லாம் தானே செய்து பார்த்தது, ஒன்றும் பலிக்கவில்லை. வெட்கமாகிப் போயிற்று.

முன்பு அதனிடம் வந்து குணமான சருகுமான் ஒருநாள் தேடி வந்தது.

“போயிடு. எனக்கே தெளியல, உனக்கு என்னத்தைச் சொல்ல?” என்றது அழுங்கு.

“கேக்க வரலை, வைத்தியரே. கூட இருக்கத்தான் வந்தேன்” என்றது சருகுமான்.

“என் வைத்தியம் எனக்கே பலிக்கலையே! உன்னை ஏமாத்திட்டேனோ?”

“நீங்க சொன்னதுல பாதி அன்னிக்கு என் காதுலயே ஏறலை. நான் வாயே திறக்காத நாள்லயும் நீங்க எழுந்து போகாம இருந்தீங்களே, அதுலதான் பிழைச்சேன்.”

அழுங்கு வெகுநேரம் அழுதது. பிறகு மெல்லச் சுருள் பிரிந்து, “அடுத்த மலையில ஒரு முள்ளம்பன்றி வைத்தியம் பாக்குதாம். என்னைக் கூட்டிட்டுப் போறியா?” என்று கேட்டது.

இரண்டும் கிளம்பின. வழியில் ஒரு கறையான் புற்றைக் கண்டதும் அழுங்கு நின்றுவிட்டது. பல நாளைக்குப் பிறகு அதற்குப் பசித்தது.