ஒப்புக்கொண்ட சென்சார்

எல்லா சென்சாருக்கும் பேச்சு வந்துவிட்ட காலம். திருப்பூர் மெக்கானிக் பூங்கோதை, பனியன் கம்பெனி சிவசாமியின் சொகுசு டீசல் வண்டியின் பானட்டைத் திறந்ததுமே உள்ளே சண்டை தொடங்கியது.

“புகை யாரால வருது? நாளைக்கு இதுலதான் மாப்பிள்ளை அழைப்பு, சீக்கிரம் சொல்லுங்க” என்றாள்.

“காத்து சென்சாரைக் கேளுங்க” என்றது டீசல் சென்சார். “தப்பெல்லாம் டீசல்காரன் மேலதானுங்க” என்றது காற்று சென்சார். சூடு பார்க்கும் சென்சார் மட்டும், “நான்தானுங்க. நாலு நாளா பத்து டிகிரி கொறச்சுச் சொல்லிப்போட்டேன்” என்றது.

அப்பாடா என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதியதை மாட்டினாள் பூங்கோதை. பழைய சென்சார்கள் புதியதிடம் ஏதோ குசுகுசுத்தன.

மறுநாள் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளையைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு, நன்றி சொல்ல வந்தார் சிவசாமி.

“கைராசிக்காரிங்க அம்மணி நீங்க! ஒரு வார்னிங் லைட்டுகூட எரியறதில்லீங்க!”

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பானட்டுக்குள்ளிருந்து கரும்புகை குபுகுபுவென்று கிளம்பியது. மாப்பிள்ளை இருமிக்கொண்டே இறங்கி ஓடினார்.

“என்னங்கடா இது?” என்று அலறினாள் பூங்கோதை.

“எல்லாம் நல்லாருக்குதுங்க!” என்றன சென்சார்கள் ஒரே குரலில். அதில் புதியதின் குரல்தான் எல்லாவற்றையும்விடக் கணீரென்று கேட்டது.