கிளம்பும்போது ஒரு தும்மல்

தாமோதரன் செருப்பை மாட்டியதும் தும்மினேன்.

"இன்னா சங்கரி, கரெக்டா கெளம்பும்போதே தும்முற!" என்று எரிச்சலோடு நாற்காலியில் உட்கார்ந்தார். சகுனம் பார்ப்பவர். ஒற்றைத் தும்மல் கேட்டால் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்.

"பனிக்காலம் போயும் நிக்கலியே. மாத்திரை கேக்கலன்னா செங்கல்பட்டு டாக்டர் சொன்ன ஊசியப் போட்டுக்க. வாரம் ஒண்ணுதானே?"

"மூணு வருஷம் போடணுமாம். பயமா இருக்குங்க."

"ராத்திரி தூங்குனியா? கண்ணெல்லாம் செவந்து கீது."

எனக்கும் எரிச்சல்தான். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் டிவியைப் பார்க்கும் மனிதர், இந்தத் தண்ணீர் குடிக்கும்போது மட்டும்தான் என் முகத்தைப் பார்க்கிறார்.

கல்பாக்கம் பஸ் ஹாரன் அடித்தது. ஓடினார்.

மாத்திரையிலேயே தும்மல் நின்று இரண்டு மாதமாகிறது. புடவைத் தலைப்பில் முடிந்திருந்த மூக்குப்பொடி மட்டையை அவிழ்த்துப் பார்த்தேன். நாளைக்கு ஒரு சிட்டிகைதான் மிச்சம்.