கறுப்பாக வந்த ஆயில்

கியர் ஆயிலை மாற்ற வண்டியை ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டுப் போகச் சொன்னார் மெக்கானிக். ஒரு போல்ட்டைக் கழற்றி மாட்ட ஒரு நாளா? ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். தணிக்கை அலுவலகத்தில் அடுத்தவர் தப்பைக் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு.

மூன்று வீடியோ பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, அடியில் படுத்தேன். ஆட்டோமேட்டிக் வண்டி. பழைய ஆயிலை வடித்துவிட்டு அதே அளவு புதுசை ஊற்ற வேண்டும், பழசு சிவப்பாக வரும் என்று மனைவிக்கு வகுப்பே எடுத்தேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள்.

போல்ட் கழன்றது. முதல் ஆயில் என் காதுக்குள் போனது. மீதி அடியில் வைத்திருந்த பேசினுக்குள்.

"சிவப்பா வரும்னீங்க, கறுப்பா வருதே?"

"அவ்வளவு அழுக்கு. அந்த ஆள் இத்தனை வருஷமா மாத்தவே இல்ல. இப்பப் புரியுதா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

வடித்ததை அளந்து, அதே அளவு புது ஆயிலைக் கியர்பாக்ஸில் ஊற்றினேன். ஸ்டார்ட் பண்ணலாம் என்று நிமிர்ந்தால், சாப்பாடு ஆறுகிறது, முதலில் வந்து சாப்பிடுங்கள் என்று வாசலில் நின்றாள். விட மாட்டேன் என்கிறாள். இவளுக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும் என்று முனகிக்கொண்டே போனேன்.

நாலு வாய் சாப்பிட்டிருப்பேன். மெக்கானிக் வந்தார். சும்மா இந்தப் பக்கம் வந்தாராம். பேசினைப் பார்த்தார், வண்டிக்கு அடியில் பார்த்தார், என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

நான் வடித்தது எஞ்சின் ஆயில். கியர்பாக்ஸில் பழசு அப்படியே இருக்க, அதன் தலையில் புதுசு. ஸ்டார்ட் பண்ணியிருந்தால் எஞ்சின் காலி. மறுநாள் அந்த வண்டியில்தான் மகளைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

அதிர்ஷ்டவசமாக அவர் கையில் எஞ்சின் ஆயில் டின் இருந்தது. சாயங்காலம் வரை வேலை பார்த்தார். தண்ணீர் கொண்டுவந்த என் மனைவியிடம், "சார் வேலை சுத்தம்க்கா. அளவுதான் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

அன்றைக்கே மருமகனுக்குப் போன் போட்டு, மெக்கானிக்கே என்னைப் பாராட்டினார் என்று சொல்லிவிட்டேன்.

பேத்தி பிறந்த சேதியோடு இரண்டு நாள் கழித்து அவருடைய பட்டறைக்குப் போனேன்.

"என் மனைவி முன்னால என்னை விட்டுக்கொடுக்காமப் பேசினீங்களே, ரொம்ப நன்றி."

அவர் சங்கடத்தோடு கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னை வரச் சொல்லிப் போன் பண்ணினதே அக்காதான் சார். ஆயில் கறுப்பா வருதுன்னாங்க, ஸ்டார்ட் பண்ண விட்டுடாதீங்கன்னு சொன்னேன். 'சரி, ஆனா என் முன்னாடி மட்டும் அவரை ஒண்ணும் சொல்லிடாதீங்க'ன்னு கேட்டுக்கிட்டுத்தான் போனை வச்சாங்க."