மர்சூக் முதலாளியின் கட்சி

சரோஜாதேவி இரண்டு கட்டில்களுக்கும் நடுவே வெள்ளைத் திரையை இழுத்துவிட்டாள். வார்டின் மறுகோடியில் ஒரு கிழவர் எழுந்து உட்கார்ந்து கைகூப்பினார். காசநோய் வார்டில் பட்டப்பகலில் திரை இழுத்தால் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம்.

"ஒருத்தரும் சாகேல்லை, ஐயா. நீங்கள் படுங்கோ," என்றாள், யாழ்ப்பாணத்திலிருந்து இந்த மலைநாட்டுக் குளிருக்கு மாற்றலாகி வந்திருந்த அந்த நேர்ஸ். "இவை ரெண்டு பேரும் திரும்பவும் அரசியல் கதைக்கினம்."

திரைக்கு ஒரு பக்கம் மர்சூக். பொகவந்தலாவைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருப்பவர். மறுபக்கம் அழகுமுத்து; உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். அரசாங்கம் மானியத்தை வெட்டி அரிசி விலையை ஏற்றிவிட்ட ஐம்பத்து மூன்றாம் ஆண்டு அது. நாடெங்கும் நடந்த சண்டை, நெஞ்சு கெட்டுப் படுத்திருந்த இந்த இரண்டு பேருக்கு நடுவிலும் நடந்துகொண்டிருந்தது.

"திரை போட்டா வாய மூடிருவேனா?" என்றார் மர்சூக். "அரிசிக்குக் கொட்டுற காச நிறுத்தினாத்தான் ஆஸ்பத்திரி கட்டலாம், ஊசி வாங்கலாம். ஆளுற யானைக் கட்சிக்காரங்க விஷயம் தெரிஞ்சவங்க."

"அரை வயித்துக் கஞ்சியாலதான் இந்த நோவே வருது, மொதலாளி. வயித்தக் காயப்போட்டுட்டு ஊசி போடுவாங்களாம். பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சாப்பாட்டையும் வெட்டிப்புட்டாங்க. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"ஓட்டில்லாத ஆளுக்கு எதுக்கு அரசியல்?"

தோட்டத்து ஆட்களின் பிரஜாவுரிமையை அதே அரசாங்கம் பறித்துச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. அழகுமுத்துவின் ஓட்டும் அதோடு போனதுதான்.

திரைக்கு அப்பால் கட்டில் கிறீச்சிட்டது. படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இருங்க மொதலாளி. தொண்டை காயுது. இந்தப் பாலக் குடிச்சிட்டு ஒங்களுக்குப் பதில் சொல்றேன்."

பாலைக் குடித்துவிட்டு அழகுமுத்து சொன்ன பதிலுக்கு மறுபேச்சுப் பேச மர்சூக் வாயெடுத்தார், இருமல்தான் வந்தது. எச்சில் குவளையில் சிவப்பு படர்ந்தது. இருவரில் அவருடைய நெஞ்சுதான் மோசம். பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சரோஜாதேவிக்கு இரக்கம் வரவில்லை. ஓட்டைப் பற்றிச் சொன்ன அந்தச் சொல் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்றைக்கே அவரை வராந்தாக் கட்டிலுக்கு மாற்றினாள்.

"நான் இங்கயே கிடக்கிறேனே, மிஸி," என்று கெஞ்சினார் மர்சூக்.

"கதைக்காமல் கிடப்பியளோ?"

அவர் தலையணையை எடுத்துக்கொண்டார்.

வார்டு அமைதியானது. அந்த அமைதி அவளுக்கு வேண்டியிருந்தது. அத்தனை நோயாளிகளுக்கும் பகலில் அவள் ஒருத்திதான். நின்று நின்று கால் இரண்டும் வீங்கியிருந்தன.

ஆனால் அழகுமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கொடுத்த பால் ஆடை படிந்து அப்படியே இருந்தது. ரொட்டியை எறும்பு தின்றது. கேட்டால், "பசிக்கலீங்க, மிஸி," என்பார். அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி வீரம்மா வந்தாள். கணவனின் முதுகைத் தடவிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

"வந்த புதுசுலயும் இப்படித்தாங்க செவுத்தப் பாத்தே கெடந்தாரு," என்றாள் போகும்போது. "நடுவுல நல்லாத்தானே இருந்தாரு. இப்ப என்னாச்சுங்க?"

"நெஞ்சு வருத்தம் கூடுது போல," என்றாள் சரோஜாதேவி. டாக்டர் ஒரு டொனிக்கை எழுதிக் கொடுத்தார். அதையும் அழகுமுத்து தொடவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. சாரல் வராந்தாக் கட்டில்களை நனைத்தது. அங்கிருந்தவர்களை உள்ளே கொண்டுவந்தபோது, மர்சூக்குக்கு மிச்சமிருந்தது அந்தப் பழைய கட்டில்தான்.

"ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது," என்றாள்.

அவர் தலையாட்டினார். இன்னும் மெலிந்திருந்தார். நடந்து வந்ததிலேயே இளைப்பு வாங்கியது. மூச்சு நிதானப்படும்வரை பக்கத்துக் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழகுமுத்து," என்றார். "அரிசிக்கு இன்னும் வெல கூட்டணும். அப்பத்தான் தோட்டத்து ஆளுங்களுக்கு அதோட அரும தெரியும்."

போர்வைக்குள் முதுகு அசைந்தது. மெல்ல முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

"என்ன சொன்னீங்க?"

"காதும் கேக்கல்லயா?"

அழகுமுத்து முழங்கையை ஊன்றி எழுந்தார். சரோஜாதேவிக்குத் தடுக்கத் தெம்பில்லை. பேசி முடிக்கட்டும் என்று ஊசிகளைக் கொதிக்க வைக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அழகுமுத்து ரொட்டியை மென்றுகொண்டே விரலை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார். பாலும் முடிந்திருந்தது. கடைசி வார்த்தை தன்னுடையதாக இருந்த திருப்தியில், கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிப்போனார்.

அதன் பிறகுதான் மர்சூக்குக்கு இருமல் வந்தது. நிற்கவே இல்லை. சரோஜாதேவி குவளையைப் பிடித்தாள். இந்த முறை இரத்தம் நிறையவே வந்தது. வாயைத் துடைத்து அவரைச் சாய்த்துப் படுக்க வைத்தாள். கோபப்படக்கூட அவளுக்கு அலுப்பாக இருந்தது.

"அந்தக் கட்சி உங்களுக்கு என்னத்தைத் தந்தது? உங்கட உயிரைக் குடுத்து அவையளுக்காகக் கதைக்க வேணுமோ?"

மர்சூக் தூங்குகிற மனிதரையும் அவர் காலி செய்திருந்த பால் கோப்பையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா, மிஸி. நான் அவங்களுக்கு ஓட்டுப் போட்டதே இல்ல."