டிக்னு சத்தம் வருதா?

தாட்சாயிணியின் ஒரு வார்த்தை, அன்றைய நிலவரப்படி, ஒரு முதுகுப் பிடிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

காரின் பானெட்டைத் தூக்கி அதற்குள் தலையை விட்டு நின்ற அவள் புருஷன் இராமகிருஷ்ணனுக்கு அந்த விலை கட்டுபடியாகத்தான் இருந்தது. பூந்தமல்லியில் இருபது வருஷமாக ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தால் விலை ஏறும் என்று தெரியாதவரா?

தட்டுப்பாட்டுக்குக் காரணமும் அவரேதான்.

குமணன்சாவடியில் அவளுடைய அண்ணன் பச்சையப்பன் புதுவீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தார். எல்லோரும் பாயசம் குடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையை விரலால் தட்டிப் பார்த்தார். டைல்ஸுக்கு அடியில் வெறும் காற்று, மச்சான் நன்றாக ஏமாந்துவிட்டார் என்று பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

அன்று வாயை மூடியவள்தான் தாட்சாயிணி. திருமுல்லைவாயில் வீட்டில் காபி வந்தது, சோறு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை, அவளை ஆவடி ஆபீசில் இறக்கிவிடப் புறப்பட்டபோது, அந்தப் பழைய கார் கிளம்பவில்லை. மெக்கானிக் கன்னியப்பன் போனிலேயே நாடி பிடித்தான். சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு டிக் வருகிறதா, டிக்டிக்கென்று பல வருகிறதா? ஹெட்லைட் மங்குகிறதா? சாவி அவள் கையில் இருந்ததால் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒண்ணுதான் என்றாள். மங்கல என்றாள்.

அப்படியானால் பேட்டரி மேல் பழியில்லை, ஸ்டார்டர்தான் குற்றவாளி என்று தீர்ப்பானது. சாயங்காலமே கன்னியப்பன் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றிக் காரைச் சரியாக்கிவிட்டான்.

அதை இராமகிருஷ்ணன் வீட்டில் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து, குளிக்கப் போகும் முன் ஸ்டார்டருக்குப் போகும் ஒல்லி வயரை உருவிவிடுவார். பிறகு பானெட்டுக்குள் குனிந்துகொண்டு, டிக்னு சத்தம் வருதா, லைட் மங்குதா என்று கன்னியப்பனின் கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். மூன்று நான்கு வார்த்தை தேறியதும் வயரைச் செருகி, ஒப்புக்கு ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டுவார். கார் கிளம்பும். பத்து நாளாக வியாபாரம் இப்படித்தான் ஓடியது.

இன்று பழக்கதோஷத்தில் சாவியைப் போடச் சொல்லிவிட்டுத்தான் வயரைத் தேடினார்.

அவர் உருவிவிட்டிருந்த வயர் அதன் இடத்தில் இருந்தது. மறுபடி கழன்றுவிடாதபடி பூக்கட்டும் நூலால் இரண்டு சுற்று சுற்றி, முடிச்சும் போட்டிருந்தது.

இதோ, இன்ஜின் உறுமப் போகிறது. நாளையிலிருந்து மறுபடி காபி, சோறு, அவ்வளவுதான்.

உறுமவில்லை.

"சத்தமே வரல. லைட்டும் மங்கல."

கேட்காத கேள்விகளுக்குப் பதில் வந்திருந்தது.

பானெட் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். சாவி அவள் ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஆவடிக்குன்னா இது ஸ்டார்ட் ஆவாது போல கீது. குமணன்சாவடி அண்ணன் ஊட்டுக்குன்னா ஆவும்."

இராமகிருஷ்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு விரல்களை மடக்கினார்.

வரவு, நேற்று வரை முப்பத்தொன்று. இன்று மட்டும் பதினான்கு. ஆக நாற்பத்தைந்து வார்த்தை.

அவர் தர வேண்டிய பாக்கி ஒரே ஒரு வார்த்தை. அதையும் மச்சானிடம், தட்டிப் பார்த்த அதே தரையில் நின்று.