யாரும் தொடாத டப்பா

மதியம் எல்லோரும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மேசை நடுவில் தள்ளிவைப்பதும், அடுத்தவர் டப்பாவில் உரிமையோடு கைபோடுவதும் அந்த அலுவலகக் குழுவின் வழக்கம். போன மாதம் ஒருநாள் ஜெரால்டுடைய மீன் வறுவலை ஒருவரும் தொடவில்லை. மறுநாள் காலை அவனுடைய அடையாள அட்டைக்கு அலுவலக வாசல் கதவு திறக்கவில்லை; வேலை போயிருந்தது. தொடாதே என்று யாரும் சொல்லாமலே பூங்கோதையும் அந்த மதியம் கையை இழுத்துக்கொண்டிருந்தாள். இன்று கைகளெல்லாம் அவளுடைய கத்தரிக்காய் வதக்கலைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போயின. சிரிப்பும் பேச்சும் கொஞ்சமும் குறையவில்லை. “எடுத்துக்கோங்கக்கா, நெறைய இருக்கு” என்றாள். டப்பாவை இன்னும் கொஞ்சம் நடுவில் தள்ளினாள். பக்கத்திலிருந்த திலகா அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் டப்பாவை மூடி, நான்கு பக்கமும் அழுத்தி, அவள் மடியில் வைத்தாள். “சாயங்காலம் போகும்போது எல்லாத்தையும் மறக்காம எடுத்துட்டுப் போயிரும்மா.”